ரஸ்கினின் வரைதல் புத்தகம்: 150 மணி நேரத்துக்குப் பிறகு

ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1857-இல் எழுதிய ‘வரைதலின் அடிப்படைகள்’ புத்தகத்தை நான்கே இரவில் படித்து முடித்துவிட்டேன். அதில் சொன்னபடி செய்து பார்க்கப் பதினோரு மாதம் பிடித்தது. சமைத்துப் பார்க்காமல் சமையல் புத்தகத்தைப் புகழக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான். அதனால்தான் வாங்கியவுடன் எழுதாமல் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் நர்ஸாக இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம், அதில் பெரும்பகுதி நைட் டியூட்டி. பள்ளியில் உயிரியல் நோட்டில் வரைந்ததற்குப் பிறகு பென்சிலைப் படம் வரையத் தொட்டதே இல்லை. இந்தப் புத்தகத்தை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு மயிலிறகு. ஊரின் நடுவில் இருக்கும் மில்லேனியம் கேலரியில் ரஸ்கின் சேகரிப்புக்கென்றே தனி அறை உண்டு. அனுமதி இலவசம். ஒரு நாள் டியூட்டி முடிந்து, தூக்கம் வராமல் உள்ளே நுழைந்தேன். மயிலின் மார்பு இறகு ஒன்றை ரஸ்கின் 1873-இல் நீர்வண்ணத்தில் தீட்டியது அங்கே இருந்தது. தோகையின் கண் இல்லை, மார்பில் இருக்கும் சின்ன இறகு. மயிலை வரையச் சொன்னால் யாராக இருந்தாலும் தோகையைத்தான் வரைவார்கள். இந்த மனிதர் யாரும் எடுத்துப் பார்க்காத ஒரு இறகை எடுத்து, அதன் ஒவ்வொரு இழையும் எங்கே பச்சையிலிருந்து நீலத்துக்குப் போகிறது என்று பார்த்திருக்கிறார். இருபது நிமிடம் அதன் முன் நின்றேன். இப்படிப் பார்க்க எங்கே கற்றுக்கொள்வது என்று தோன்றியது. அவரே கற்றுக்கொடுத்து எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் வாங்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதில் ஏமாந்தேன். இணையத்தில் ஆகக் குறைந்த விலையில் இருந்த மறுபதிப்பை ஆர்டர் செய்தேன். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. படங்கள் மோசம். இந்தப் புத்தகத்தின் படங்கள் மரத்தில் செதுக்கி அச்சிட்டவை. மயிரிழை போன்ற கோடுகள். அந்த மறுபதிப்பில் அவை கறுப்புத் திட்டுகளாகிவிட்டன. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நிழல் மெல்ல மெல்ல இறங்குவதைக் காட்ட வேண்டிய படத்தில் ஒரு கறுப்புக் கட்டியும் ஒரு வெள்ளைக் கட்டியும்தான் தெரிந்தன. நிழலைப் பற்றிய பாடத்தில் நிழலே இல்லை! திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் பச்சை அட்டை போட்ட பழைய பிரதி ஒன்று ஆறு பவுண்டுக்குக் கிடைத்தது. அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் யாரோ முன்பு மூன்று சதுரங்களை மையால் நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது பாதியில் நிற்கிறது. என்ன பாடுபட்டிருப்பார் என்று ஒரு வாரத்தில் எனக்கும் புரிந்தது. வாங்குகிறவர்கள் தயவுசெய்து உள்பக்கப் படங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எழுத்து மட்டும் போதுமென்றால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

புத்தகம் மூன்று கடிதங்களாக இருக்கிறது. முதல் கடிதம் தொடக்கப் பயிற்சிகள், இரண்டாவது இயற்கையைப் பார்த்து வரைதல், மூன்றாவது வண்ணமும் அமைப்பும். நான் முதல் கடிதத்தை முழுவதும் செய்தேன், இரண்டாவதில் பாதி வந்திருக்கிறேன், மூன்றாவதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே இதை முதல் கடிதத்தின் மதிப்புரையாக எடுத்துக்கொள்வதே நியாயம்.

முதல் கடிதத்தின் தொடக்கத்திலேயே அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். தினம் ஒரு மணி நேரம் என்று ஆறு மாதம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஒரு வருடம், எப்படிப் பிரித்தாலும் ஏறக்குறைய 150 மணி நேரம் கவனம் கொடுத்தால், கண்ணால் பார்ப்பதை நேர்மையாக வரைய வந்துவிடும் என்கிறார். வரையவே முடியாத ஒரு மனிதரை இதுவரை சந்தித்ததில்லை என்றும் சொல்கிறார். இந்தக் கணக்குதான் என்னை உட்கார வைத்தது. நர்ஸ் வேலையில் எல்லாவற்றையும் மணிக்கணக்கில்தான் குறித்து வைக்கிறோம். பின்னட்டைக்கு உள்ளே ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோடு போட்டேன். இப்போது 150-ஐத் தாண்டிவிட்டது.

முதல் பயிற்சி ஒரு சின்னச் சதுரம். மையில் தொட்டு எழுதும் கூர்மையான எஃகு நிப்பால், மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, அந்தச் சதுரம் முழுவதையும் ஒரே சீரான சாம்பல் நிறமாக்க வேண்டும். கேட்கும்போது குழந்தை வேலை. செய்யும்போது ஒரு மூலை கறுத்துப் போகும், அதைச் சரிக்கட்ட அடுத்த மூலையைக் கறுப்பாக்குவோம், கடைசியில் சதுரம் முழுவதும் இருட்டு. எட்டு மணி நேரத்தில் பதினாறு சதுரம் போட்டேன். பதினான்காவதுதான் பார்க்கும்படி இருந்தது. இதை ஏன் முதலில் வைத்தார் என்பது அப்போது தெரிந்தது. நரம்பில் ஊசி ஏற்றக் கற்றுக்கொண்ட காலத்தில் எங்களுக்கு முதலில் வந்ததும் கை நிதானம்தான். அவசரப்படுகிற கையை அது முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும்.

அழிப்பதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. நுட்பமான படத்துக்கு ரப்பரைவிடப் பழைய ரொட்டித் துணுக்கு நல்லது, தாளைக் கெடுக்காது என்கிறார். ஆனால் அறையெல்லாம் துணுக்கு சிதறும், அதைவிட முக்கியம், நல்ல ரொட்டி வீணாகும், அது தவறு என்கிறார். அதோடு விடவில்லை, உன்னுடைய படம் அந்தத் துணுக்கின் மதிப்புக்கு வர நெடுநாள் ஆகும் என்றும் சேர்க்கிறார். சுருக்கென்று இருந்தாலும், உணவை வீணாக்குவது தவறு என்பதை ஒரு வரைதல் பாடத்துக்குள் இயல்பாகச் சொல்கிற மனிதர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்து மரம். இலை உதிர்ந்த மரம் ஒன்றை வானத்துக்கு எதிரே வைத்துப் பார்க்கச் சொல்கிறார். கிளைகளைக் கிளைகளாக நினைக்காதே, வரைபடத்தில் துல்லியமாகக் குறிக்க வேண்டிய கறுப்பு ஆறுகளாக நினைத்துக்கொள் என்கிறார். தண்டு உருண்டை என்கிற நினைப்பே வரக் கூடாதாம். கிளைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளை வானத் துண்டுகளின் வடிவத்தையும் சரிபார்க்க வேண்டும். ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சைக்கமோர் மரத்தை இப்படி வரைந்தேன். பதினைந்து வருடமாக அந்த மரத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அதன் இடது பக்கக் கிளை ஒன்று கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

சரி, கூழாங்கல்லுக்கு வருகிறேன். எட்டாவது பயிற்சி. இந்தப் புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துக்கோ தெருவுக்கோ போ, கண்ணில் படும் முதல் உருண்டைக் கல்லை எடு, ரொம்ப வெளுப்பாகவும் வேண்டாம், ரொம்பக் கறுப்பாகவும் வேண்டாம் என்கிறார். அதை ஜன்னல் பக்கம், ரொம்ப வெள்ளையாக இல்லாத ஒரு தாள்மேல் வைத்து, ஒரு எதிராளியைப் பார்ப்பதுபோல் நேருக்கு நேர் பார்க்கச் சொல்கிறார். அந்தக் கல்லைச் சரியாக வரைய முடிந்தால், கலையால் எட்டக்கூடிய எல்லாமே உன் கைக்கு எட்டும் என்கிறார். மிகைப்படுத்திச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தேன். பத்தொன்பது மணி நேரம் அந்தக் கல்லோடு உட்கார்ந்தேன்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: கல்லைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். பிறகு கல்லைப் பார்த்தால் அங்கே கோடே இல்லை. ஜன்னல் பக்கத்தில் கல்லின் வெளிச்சம் தாளின் வெளிச்சத்தோடு கலந்துவிட்டது. மறுபக்கத்தில் கல்லின் இருட்டு, அதன் நிழலின் இருட்டோடு சேர்ந்துவிட்டது. எல்லையென்று நான் போட்டது முழுவதும் நானாகக் கட்டிக்கொண்டது. கல்லின் அடிப்பக்கத்தில், முழு இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், லேசாக ஒரு வெளிச்சம் இருந்தது. தாளிலிருந்து திரும்பி அடித்த வெளிச்சம் அது. அதைப் பார்க்க எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. பார்த்த பிறகு அது இல்லாததுபோல் பார்க்க முடியவில்லை.

இதற்கு ரஸ்கின் வைத்திருக்கும் விளக்கம் புத்தகத்தின் ஒரு அடிக்குறிப்பில் இருக்கிறது. ஓவியத்தின் திறமை முழுவதும் கண்ணின் கள்ளமின்மையைத் திரும்பப் பெறுவதில்தான் இருக்கிறது என்கிறார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால் உலகம் எப்படித் தெரியும்? வண்ணத் திட்டுகளாகத்தான் தெரியும். நாமோ பொருளின் பெயரைத் தெரிந்துகொண்டு, பெயரைப் பார்க்கிறோம். வெயில் படும் புல் மஞ்சளாக இருக்கிறது. புல் பச்சை என்று நமக்குத் தெரியும் என்பதால் பச்சையாகவே பார்க்கிறோம்.

இந்த அடிக்குறிப்பைப் படித்தபோது எனக்கு வார்டுதான் நினைவுக்கு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலமாகும் என்று பாடத்தில் படித்தோம். வெளுத்த தோலில் அது உண்மை. என்னைப்போல் மாநிறமோ கறுப்போ உள்ள தோலில் அது நீலமாகத் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். உதட்டின் உள்பக்கத்தையும் கண் இமையின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘நீலம்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் எதிரே இருக்கும் சாம்பலைக் கண் தவறவிட்டுவிடும். மஞ்சள் காமாலையும் அப்படித்தான். தோலில் தேடினால் தெரியாது, கண்ணின் வெள்ளையில் பார்க்க வேண்டும். இதை அனுபவத்தில் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. 1857-இல் ஒருவர் ஓவியப் பாடத்தில் அதையே எழுதி வைத்திருக்கிறார்: தெரிந்ததைப் பார்க்காதே, தெரிவதைப் பார்.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை, மருந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், வரிசையாக ஆறு தலையணை. எல்லாம் ஒரே துணி, ஒரே வெள்ளை. ஆனால் ஜன்னல் பக்கம் இருந்தது நீலம் பாரித்திருந்தது. விளக்கடியில் இருந்தது வெண்ணெய் நிறம். நடுவில் ஒன்று, பச்சைத் திரையின் சாயல் ஏறி, லேசாகப் பச்சை. வெள்ளையென்று ஒரு தலையணைகூட அங்கே இல்லை. கூட இருந்த நர்ஸ் “என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த அரை நிமிடத்துக்கே அந்த ஆறு பவுண்டு தகும்.

எனக்கு ஓவியராகும் எண்ணம் இல்லை. ரஸ்கினுக்கும் தன் மாணவர்களை ஓவியராக்கும் எண்ணம் இருந்ததில்லை. இந்தப் புத்தகம் பிறந்த கதையே அதுதான். 1854-இல் லண்டனில் உழைக்கும் ஆண்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பகலில் வேலை, மாலையில் படிப்பு. ரஸ்கின் அங்கே சம்பளமில்லாமல் வரைதல் சொல்லிக்கொடுத்தார். தச்சனை ஓவியனாக்குவது தன் நோக்கமில்லை, அவன் தச்சனாகவே இன்னும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதுதான் தன் முயற்சி என்று 1857-இல் ஒரு அரசு விசாரணைக் குழுவின் முன்பு சொன்னார். எனக்கு இது வாழ்த்துபோல் கேட்கிறது. வேலை முடிந்து வந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர் எழுதியது என்பதால்தான், வேலை முடிந்து வரும் எனக்கும் இந்தப் புத்தகம் பிடிபடுகிறது.

எழுதியவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படித்தால் புத்தகம் இன்னும் திறக்கிறது. 1819-இல் லண்டனில் பிறந்தார். அப்பா ஷெர்ரி மது வியாபாரி, நல்ல வசதி. ஒரே பிள்ளை. ஆனால் அம்மா மிகக் கண்டிப்பு. விளையாட்டுச் சாமான் என்றால் ஒரு சாவிக்கொத்து, பிறகு ஒரு வண்டி, பந்து, மரக்கட்டைகள், அவ்வளவுதான். தரைவிரிப்பின் கட்டங்களையும் நிறங்களையும் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தையைத்தான் இந்தப் புத்தகம் முழுவதும் பார்க்கிறேன். பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு அப்பாவின் கூட்டாளி ஒரு கவிதை நூலைப் பரிசளித்தார். அதில் ஆங்கில ஓவியர் டர்னரின் சிறிய படங்கள் இருந்தன. அந்தப் படங்கள் அவருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தன. 24 வயதில், டர்னரை மட்டம் தட்டியவர்களுக்குப் பதிலாக ‘நவீன ஓவியர்கள்’ முதல் தொகுதியை 1843-இல் வெளியிட்டார். ஐந்தாவது தொகுதி வர 1860 ஆனது. நடுவில் வெனிஸ் நகரத்தின் கற்களைப் பற்றி மூன்று தொகுதிகள். டர்னர் இறந்த பிறகு, தேசிய ஓவியக் கூடத்துக்கு வந்த அவருடைய 19,000-க்கும் மேற்பட்ட தாள்களை இவர்தான் உட்கார்ந்து வகைப்படுத்தினார். அதுவும் இந்தப் பாடப் புத்தகம் வந்த அதே வருடம் தொடங்கிய வேலை.

திருமணம் நிலைக்கவில்லை. 1848-இல் மணந்த எஃபி கிரே, 1854-இல் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கிக்கொண்டு, மறு வருடம் ஓவியர் மில்லேயை மணந்தார். இதைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசுகிறது. எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 1860-இல் அவர் செய்த காரியம் முக்கியம். ஓவியத்தைப் பற்றி எழுதி எல்லோரும் கொண்டாடிய மனிதர், திடீரென்று கூலியைப் பற்றியும் செல்வத்தைப் பற்றியும் நான்கு கட்டுரைகள் எழுதினார். பத்திரிகை வாசகர்கள் கொதித்துப்போனார்கள், நான்கோடு நிறுத்த வேண்டியதாயிற்று. 1862-இல் அது புத்தகமாக வந்தது. அதைத்தான் 1904-இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி இரவெல்லாம் படித்தார்; ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் சுருக்கி எழுதினார். ஓவிய ரசிகர் ஏன் பொருளாதாரத்துக்குப் போனார் என்று பலர் கேட்கிறார்கள். கல்லை வரைந்த பிறகு எனக்கு அது வேறு பாதையாகத் தெரியவில்லை. ‘கூலி’, ‘சந்தை’ என்ற பெயர்களை விலக்கிவிட்டு அங்கே நிற்கும் ஆளைப் பார்த்திருக்கிறார். செல்வம் என்பது கடைசியில் உயிர்தான் என்பது அவருடைய முடிவு.

எங்கள் ஊர்மேலும் அதே பார்வை விழுந்தது. 1875-இல் ஷெஃபீல்டின் வாக்லி மேட்டில் ஒரு சிறிய வீட்டை வாங்கி, கத்தி, அரம் செய்யும் தொழிலாளர்கள் பார்க்க ஒரு அருங்காட்சியகம் வைத்தார். ஓவியம், கனிமக் கற்கள், பறவைப் படங்கள், பழைய ஏடுகள். புகையை விட்டு மேலேறி வந்து பார்க்கட்டும் என்றுதான் மேட்டில் வைத்தார். அதன் காப்பாளராக இருந்த ஹென்றி ஸ்வான், லண்டன் தொழிலாளர் கல்லூரியில் அவரிடம் வரைதல் படித்தவர். அந்தச் சேகரிப்பைச் சேர்ந்ததுதான் நான் பார்த்த மயிலிறகு. புத்தகம் ஒரு மாலை வகுப்பில் தொடங்கி, அந்த வகுப்பு மாணவர் வழியாக என் ஊருக்கே வந்திருக்கிறது என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. வாக்லிக்கும் ஏறிப் போய்ப் பார்த்தேன். மேட்டில் நின்றால் ஊர் பள்ளத்தில் கிடக்கிறது. (மயிலிறகைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கேலரியில் தாள் ஓவியங்களை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். முன்னதாகக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.)

குறைகளையும் சொல்ல வேண்டும். வாக்கியங்கள் நீளம். ஒரு பயிற்சிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று பக்கத்துக்கு நடுவில் ஒளிந்திருக்கும். நான் ஒவ்வொன்றையும் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். கட்டளை போடும் தொனி சில நாள் களைப்பில் எரிச்சலூட்டும். பின்னிணைப்பில் யாரைப் படிக்கலாம், யாரைப் படிக்கக் கூடாது என்று ஒரு பட்டியல்: ஸ்காட், வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ் சரி, கோல்ரிட்ஜைத் தூக்கி எறி, ஷெல்லி ஆழமில்லாதவர். கல்லுக்கு அவ்வளவு பொறுமை கேட்கிறவர் கவிஞர்களை ஒரே வரியில் தள்ளுவது நியாயமாகப் படவில்லை.

இதே குறை அவருடைய வாழ்க்கையிலும் ஒருமுறை பெரிதாக வெடித்தது. 1877-இல் விஸ்லரின் இரவுக் காட்சி ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பொதுமக்கள் முகத்தில் வண்ணக் குடத்தை வீசியடித்ததற்கு 200 கினி கேட்கிறார் என்று எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். கிடைத்த நஷ்ட ஈடு ஒரு ஃபார்த்திங், காலணா மாதிரி. வழக்குச் செலவில் விஸ்லர் திவாலானார், ரஸ்கின் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவியை விட்டார். இருட்டில் சிதறும் வாணவேடிக்கைப் பொறிகளை, பெயர் சொல்லாமல் திட்டுகளாகத் தீட்டிய ஓவியம் அது. அடிக்குறிப்பில் அவரே கேட்ட கள்ளமற்ற கண் அந்த ஓவியத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதன் முன்னால் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

ஏப்ரலில் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தபோது கோனிஸ்டன் ஏரிக்குப் போனேன். ஏரியின் கிழக்குக் கரையில் பிராண்ட்வுட் என்ற வீட்டை 1871-இல், நேரில் பார்க்காமலே, 1,500 பவுண்டுக்கு வாங்கினார். கடைசிவரை அங்கேதான் இருந்தார். இப்போது அது அறக்கட்டளை ஒன்றின் பராமரிப்பில், பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. படகில் போவது நல்லது, ஏனென்றால் வீடு ஏரியைப் பார்த்து இருக்கிறது. தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அது எதைப் பார்க்கிறது என்று புரியும். எதிர்க்கரையில் ஓல்ட் மேன் மலை. படுக்கையறை மூலையில் சுற்றிலும் கண்ணாடி வைத்து அவர் கட்டிக்கொண்ட சின்ன கோபுரத்தில் நின்றேன். மேகமும் மலையும் ஏரியும் மூன்று பக்கமும் தெரிகின்றன. பார்ப்பதற்காகவே கட்டிய ஒரு பெட்டி அது.

அதே படுக்கையறையில்தான் 1878-இல் அவருக்கு மனம் பேதலித்தது. பிறகு பலமுறை திரும்ப வந்தது. 1884-இல் ஆலைப் புகை வானத்தின் நிறத்தையே மாற்றுகிறது என்று லண்டனில் இரண்டு சொற்பொழிவு செய்தார். பத்து வருடத்துக்கும் மேலாக வானத்தைக் குறித்து வைத்தவர் பேசியது அது. கேட்டவர்களில் பலர் அதை அவருடைய நோயின் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பத்து வருடம் அநேகமாக எதுவும் எழுதவில்லை, அதிகம் பேசவும் இல்லை. 1900 ஜனவரி 20 அன்று காய்ச்சலில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்ய இடம் தருவதாகச் சொன்னார்கள். அவர் விருப்பப்படி கோனிஸ்டன் தேவாலயத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைமேல் அந்த வட்டாரத்துப் பச்சைப் பலகைக்கல்லில் செதுக்கிய சிலுவை நிற்கிறது.

நினைவு இழந்து, பேச்சுக் குறைந்துபோன முதியவர்களோடு பல இரவுகளைக் கழித்திருக்கிறேன். அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கோபுர அறையில் எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது, சீக்கிரம் இறங்கி வந்துவிட்டேன். தோட்டத்தில், பலகைக்கற்களை அடுக்கிச் செய்த அவருடைய இருக்கை ஒன்று ஓடையைப் பார்த்தபடி இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து நனைந்த கல் ஒன்றை வரைய முயன்றேன். நனைந்த கல் உலர்ந்த கல்லைவிடப் பல மடங்கு கடினம். வரவில்லை.

யார் வாங்கலாம் என்றால்: வேகமாக, அழகாக வரையக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று நினைக்கிறவர்களுக்கு இது உதவாது. அதற்கு நல்ல காணொளிகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கும் வேண்டாம், அவரே முன்னுரையில் சிறு பிள்ளைகளைப் பாடம் என்று படுத்தாமல் அவர்கள் இஷ்டத்துக்குக் கிறுக்க விடச் சொல்கிறார். நாள் முழுவதும் மனிதர்களையோ பொருள்களையோ பார்த்தே வேலை செய்கிறவர்கள், ஆசிரியர், நர்ஸ், மெக்கானிக், தையற்காரர், இவர்கள் வாங்கலாம். கூர்மையான நிப் இரண்டு, கறுப்பு மை ஒரு புட்டி, வழவழப்பான தாள், ஒரு பென்சில், இவை போதும். நிப் சீக்கிரம் தேயும். நான் ஐந்து மாற்றினேன். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் மாணவர்களுக்காகச் சேர்த்து வைத்த படங்களை ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் மறுபதிப்பில் கெட்டுப்போன படங்களுக்கு ஓரளவு ஈடாகும்.

பழைய பிரதியின் கடைசிப் பக்கத்தில் பாதியில் நின்ற அந்த மூன்றாவது சதுரத்தைப் போன வாரம் நான் நிரப்பி முடித்தேன். அவர் கோடு எங்கே நின்றது, என் கோடு எங்கே தொடங்கியது என்பது நன்றாகவே தெரிகிறது. என் மை இன்னும் கறுப்பாக இருக்கிறது.